மலைக் கிராஞ்சை வீடாக்குவது: பிரனீஸ் கிராமத்தில் குடியேற நினைப்பவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

பிரான்சின் தென்மேற்கில், பிரனீஸ் மலைத்தொடரில், ஸ்பெயின் எல்லையை ஒட்டி அரியேஜ் மாவட்டம் இருக்கிறது. அதன் மேற்குப் பாதிக்குக் கூஸரான் என்று பெயர். சேன்-ஜிரோன் என்ற சிறு நகரத்திலிருந்து பள்ளத்தாக்குகள் பிரிந்து பிரிந்து மலைக்குள் போகும். அந்தச் சரிவுகளில் எங்கு பார்த்தாலும் கல்லால் கட்டிய பழைய கட்டடங்கள் நிற்கும். கீழ்த்தளம் மாட்டுத்தொழுவம், மேல்தளம் காய்ந்த புல் அடுக்கும் பரண். இதைத்தான் கிராஞ்ச் என்கிறார்கள். மலையேறிய மாடுகள் குறைந்துபோக, பல கிராஞ்ச்கள் பூட்டிக் கிடக்கின்றன. அப்படி ஒன்றை வாங்கி வீடாக்கிக் குடியேறியவன் நான். இதைச் செய்ய நினைப்பவர்களுக்கு எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்று சொல்வதுதான் இங்கே நோக்கம். வரிசை மாறினால் பணமும் போகும், கட்டடமும் போகும்.

முதல் வேலை: தண்ணீரும் வழியும்

கிராஞ்சைப் பார்க்கப் போகிறவர்கள் முதலில் உத்தரத்தைப் பார்த்து மயங்கிவிடுவார்கள். உத்தரத்தை அப்புறம் பார்க்கலாம். முதலில் இரண்டு கேள்விகள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? வண்டி எந்த நிலத்தின் வழியாக வருகிறது?

ஊர்க் குழாய்நீர் வாசல்வரை வந்தால் நல்லது. ஊற்றுநீர் என்றால், அந்த ஊற்று யார் நிலத்தில் இருக்கிறது, அதிலிருந்து நீர் எடுக்கும் உரிமை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு வாளியையும் கடிகாரத்தையும் எடுத்துக்கொண்டு போய், வாளி நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து பாருங்கள். மே மாதத்தில் பனி உருகும்போது எல்லா ஊற்றும் பொங்கத்தான் செய்யும். வீட்டுத் தேவைக்குத் தனி ஊற்றையோ கிணற்றையோ பயன்படுத்தினால் மேரியில் பதிவு செய்ய வேண்டும். மேரி என்பது புதுச்சேரிக்காரர்களுக்குத் தெரிந்த அதே சொல்தான்: ஊர் நகராட்சி அலுவலகம். குடிப்பதற்கு முன் நீரை ஆய்வகத்தில் சோதித்துவிடுங்கள். மேலே ஆடுமாடு மேயும் சரிவில், கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் நீரை நம்ப முடியாது.

வழியும் அப்படித்தான். பாதை பக்கத்து வீட்டுக்காரரின் புல்வெளியைக் கடந்து வந்தால், கடக்கும் உரிமை எழுத்தில் இருக்க வேண்டும். "எப்போதும் இப்படித்தான் போவோம்" என்று விற்பவர் சொல்வது போதாது. நிலவரைபடத்தை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். பக்கத்து நிலங்களின் எண்களையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

முடிந்தால் சனவரியில் ஒரு தடவை போய்ப் பாருங்கள். பனி எங்கே குவிகிறது, வெயில் எத்தனை மணிக்கு மலைக்குப் பின்னால் போகிறது, ஊராட்சியின் பனி அகற்றும் வண்டி எதுவரை வருகிறது, இதெல்லாம் கோடையில் தெரியாது. தெற்குப் பார்த்த சரிவுக்கும் வடக்குப் பார்த்த சரிவுக்கும் இடையே வெளிச்சத்தில் இருக்கும் வேறுபாட்டை, நவம்பரிலிருந்து பிப்ரவரிவரை அங்கே வாழ்ந்தவர்தான் அறிவார். மேரியில் இன்னொன்றையும் கேளுங்கள்: நிலச்சரிவு, பனிச்சரிவு, வெள்ளம் ஆகியவற்றுக்கான அபாய வரைபடத்தில் உங்கள் இடம் எந்த நிறத்தில் இருக்கிறது? சிவப்பு என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது: காகிதம்

தொழுவம் சட்டப்படி வீடு அல்ல. அதை வீடாக மாற்றுவதற்குப் பயன்பாட்டு மாற்ற அனுமதி வேண்டும். பெரும்பாலான மலைக் கிராஞ்ச்கள் விவசாய மண்டலத்திலோ இயற்கை மண்டலத்திலோ இருக்கும். உள்ளூர் நகரமைப்புத் திட்டம் இருக்கும் ஊர்களில், மாற்றத்துக்கு உரியது என்று அந்தத் திட்டத்திலேயே குறிக்கப்பட்ட கட்டடத்தைத்தான் அங்கே வீடாக்க முடியும். அதற்கும் மேல், விவசாய நிலத்தைக் காக்கும் மாவட்டக் குழுவோ, இயற்கையைக் காக்கும் குழுவோ இசைவு தர வேண்டும்.

இன்னும் உயரத்தில், கோடை மேய்ச்சல் நிலங்களில் இருக்கும் கட்டடங்களுக்குத் தனி விதி. 1985-ஆம் ஆண்டின் மலைச் சட்டம் மலையில் புதுக்கட்டடங்களை ஏற்கெனவே இருக்கும் குடியிருப்புகளோடு ஒட்டியே கட்டச் சொல்கிறது. மேய்ச்சல் குடில்களைப் பழையபடி சீரமைக்க வேண்டுமானால் மாவட்ட ஆட்சியரின், அதாவது ப்ரெஃபேயின், அனுமதி வேண்டும். சாலையோ மின்சாரமோ இல்லாத இடமென்றால் குளிர்காலத்தில் அங்கே தங்கக் கூடாது என்று நிபந்தனை போடவும் சட்டத்தில் இடமிருக்கிறது. ஆண்டு முழுதும் வாழ நினைப்பவர்கள் அத்தகைய இடங்களை விட்டுவிட்டு, ஊருக்கு அருகிலேயே தேடுவது நல்லது.

ஆகவே பணம் கொடுப்பதற்கு முன் நகரமைப்புச் சான்றிதழ் கேட்டு விண்ணப்பியுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. நிலத்துக்கு என்ன விதிகள் பொருந்தும் என்று மட்டும் சொல்வது முதல் வகை. ஒரு மாதத்தில் வரும். நீங்கள் நினைக்கும் திட்டம் அங்கே சாத்தியமா என்று சொல்வது இரண்டாவது. இரண்டு மாதம் ஆகும். உங்களுக்கு வேண்டியது இரண்டாவதுதான். கிடைத்த நாளிலிருந்து 18 மாதம் செல்லும். விற்பவர் அவசரப்படுத்தினாலும் இதற்காகக் காத்திருங்கள்.

முன்ஒப்பந்தத்தை, அதாவது கொம்ப்ரொமியை, நோத்தேர் என்னும் பத்திர அதிகாரி முன்னிலையில் எழுதும்போது கவனம் வேண்டும். பிரான்சில் வீடு வாங்குபவருக்குக் கையெழுத்திட்ட பிறகு பத்து நாள் மனம் மாறும் உரிமை உண்டு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது குடியிருப்புக் கட்டடங்களுக்கானது. தொழுவத்துக்கு அதை நம்பாதீர்கள். அதற்குப் பதிலாக, "கட்டட அனுமதி கிடைத்தால்தான் வாங்குவேன், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வர வேண்டும்" என்ற நிபந்தனையை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். இது வழக்கமான ஒன்றுதான், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இன்னொரு காத்திருப்பும் உண்டு. சஃபேர் என்னும் நில அமைப்புக்கு விவசாய நிலத்தை முந்தி வாங்கும் உரிமை இருக்கிறது. பதில் சொல்ல அதற்கு இரண்டு மாதம்.

கட்டட அனுமதியைப் பற்றிச் சுருக்கமாக: சீரமைப்புக்குப் பின் தளப்பரப்பு 150 சதுர மீட்டரைத் தாண்டினால் கட்டடக் கலைஞரை அமர்த்துவது கட்டாயம். அனுமதி வந்ததும் தெருவிலிருந்து தெரியும்படி பலகை வையுங்கள். பக்கத்தில் இருப்பவர்கள் எதிர்க்க இரண்டு மாதம் இருக்கிறது. பலகை வைத்த நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்கும். பலகையைத் தேதியோடு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அனுமதி மூன்று ஆண்டு செல்லும்.

கழிவுநீரும் இந்தக் காகிதக் கட்டத்தைச் சேர்ந்ததுதான், அப்புறம் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஊர்ச் சாக்கடை இல்லாத இடத்தில் ஸ்பாங்க் என்ற உள்ளாட்சிப் பிரிவு உங்கள் தொட்டித் திட்டத்தைப் பார்த்து ஒப்பினால்தான் கட்டட அனுமதி விண்ணப்பமே முழுமையாகும். ஐந்து அறைவரை உள்ள வீட்டுக்குத் தொட்டி குறைந்தது 3 கனமீட்டர் இருக்க வேண்டும். அதன் பிறகு நீரை வடிக்க மண் வேண்டும். மலைச்சரிவில் ஒரு முழத்துக்குக் கீழே பாறை என்றால் வழக்கமான முறை சரிப்படாது. நாணல் வளர்த்து நீரைச் சுத்திகரிக்கும் முறை போன்றவை உண்டு. மண் ஆய்வுக்குச் செலவு செய்யத் தயங்க வேண்டாம்.

மூன்றாவது: ஒரு வருடம் தொடாமல் இருங்கள்

இதைச் சொன்னால் பலருக்குப் பிடிக்காது. ஆனால் எனக்கு இதில் ஐயமே இல்லை. சாவி கைக்கு வந்ததும் இடித்துத் தள்ள ஆரம்பிக்காதீர்கள். நான்கு பருவமும் அந்தக் கட்டடத்தைப் பாருங்கள். கூரை வேலைக்கு ஆள் கிடைக்கவே ஒரு வருடம் ஆகலாம், ஆக இது வீணான காலமும் அல்ல. கூரை ஒழுகினால் மட்டும் தற்காலிகமாகத் தார்ப்பாய் போட்டு மூடுங்கள்.

எங்கள் கிராஞ்சுக்கு மேலே புல்வெளி வைத்திருக்கும் எண்பது வயதுக்காரர் ஒரு நாள் மார்ச் மாதத்தில் கைத்தடியோடு வந்தார். வடமேற்கு மூலையைத் தடியால் தட்டினார். "பனி உருகும்போது தண்ணீர் இங்கேதான் வரும். என் அப்பா இங்கே ஒரு கல் கால்வாய் வைத்திருந்தார், மண்ணில் புதைந்து போச்சு. நீங்கள் தோண்டிப் பாருங்கள்" என்றார். ஒன்றரை அடி ஆழத்தில் தட்டைக் கற்கள் அடுக்கிய வடிகால் அப்படியே இருந்தது. மண்ணை எடுத்து மறுபடியும் ஓடவிட்டோம். அந்தச் சுவரின் அடி ஈரம் அடுத்த இலையுதிர்காலத்துக்குள் பாதியாகக் குறைந்தது. வந்த முதல் மாதமே நான் கான்கிரீட் கொட்டியிருந்தால் அந்தக் கால்வாய் நிரந்தரமாக மூடிப்போயிருக்கும்.

நான்காவது: கூரை

நீர் மேலிருந்து வருவதை நிறுத்தாமல் கீழே எந்த வேலையும் செய்வதில் பயனில்லை. கூஸரானில் இப்போது பெரும்பாலும் கற்பலகைக் கூரைதான். முன்பு கோதுமையைப் போன்ற தானியமான ரை வைக்கோலால் வேய்ந்திருந்தார்கள். அந்தக் காலத்து அடையாளம் இன்னும் சில கிராஞ்ச்களில் இருக்கிறது: முக்கோணச் சுவரின் விளிம்பு படிப்படியாக ஏறும், ஒவ்வொரு படி மேலும் ஒரு தட்டைக்கல். பறவைப் படிகள் என்று இங்கே சொல்கிறார்கள். வைக்கோலின் ஓரத்தை மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் காத்தவை அவை. பெத்மால் பள்ளத்தாக்கில் இப்படிப்பட்டவற்றைப் பார்க்கலாம். உங்கள் கட்டடத்தில் இருந்தால் தயவுசெய்து இடிக்காதீர்கள்.

மரச்சட்டத்தைப் பார்க்கும்போது கூரான கத்தியோ திருப்புளியோ கையில் இருக்கட்டும். உத்தரம் சுவரில் நுழையும் இடத்தில் குத்திப் பாருங்கள். நடுவில் மரம் எவ்வளவு திடமாக இருந்தாலும் அந்த முனைதான் முதலில் மட்கும். மேலே சின்னச் சின்ன ஓட்டைகள் இருந்தால் வண்டு குடைந்தது. பெரும்பாலும் மேல்தோலோடு நிற்கும், செதுக்கி எடுத்துவிடலாம். பஞ்சுபோலப் படர்ந்து, மரத்தைக் கட்டம் கட்டமாக உடைக்கும் மெருல் பூஞ்சை இருந்தால் அது வேறு விவகாரம். அதற்கு நிபுணரைக் கூப்பிட வேண்டும்.

பரணில் வௌவால் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். பிரான்சில் எல்லா வௌவால் இனங்களும் பாதுகாக்கப்பட்டவை. குட்டி போடும் கோடையிலோ உறங்கும் குளிர்காலத்திலோ அவற்றைக் கலைக்கக் கூடாது. வேலையைத் தொடங்கும் மாதத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் கூரையின் கிழக்கு மூலையில் அவற்றுக்கென்று ஒரு திறப்பை விட்டுவைத்தோம், இன்றும் வந்து போகின்றன.

கூரை வேலைக்கு ஆள் பிடிப்பது கடினம். நல்ல கற்பலகைக் கொத்தனாரிடம் ஒரு வருடத்துக்கு முன்பே சொல்லி வைக்க வேண்டியிருக்கும். விலைப்புள்ளியோடு பத்தாண்டு காப்பீட்டுச் சான்றையும் கேட்டு வாங்குங்கள். அதில் கூரை வேலை என்று எழுதியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாவது: சுவர், சுண்ணாம்பு, மூச்சு

நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. அறுபது எழுபது சென்டிமீட்டர் தடிமன் உள்ள இந்தச் சுவர்கள் கல்லும் மண்ணும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்தவை. அடியில் ஈரத்தடுப்பு எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும், சாந்து வழியாக வெளியே போகும். நூறு இருநூறு வருடம் நின்றது இந்த மூச்சினால்தான். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் கல்லுக்குள் தங்கிவிடும். பனிக்காலத்தில் அது உறைந்து விரியும், கல்லின் முகம் உதிரும், உத்தர முனைகள் மட்கும்.

எங்கள் வடக்குச் சுவரில் முன்பு யாரோ கல் இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைத்திருந்தார்கள். பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஒரு இடத்தில் உளியை வைத்துத் தட்டியதும் கையளவு சில்லு கழன்று வந்தது. பின்னால் இருந்த மண் சாந்து, பிசைந்த மாவைப்போல விரலில் ஒட்டியது. ஜூலை மாதம், மூன்று வாரமாக மழையே இல்லை. அவ்வளவு ஈரத்தையும் அந்த இரண்டு விரல்கடைச் சிமென்ட் பிடித்து வைத்திருந்தது. முழுச் சுவரையும் உளியும் சுத்தியலுமாக விடுவிக்க ஒரு கோடை ஆனது.

சுண்ணாம்பு வாங்கும்போது மூட்டையைப் படியுங்கள். காற்றில் இறுகும் சுண்ணாம்பு ஒரு வகை, நீரோடு சேர்ந்து இறுகும் இயற்கைச் சுண்ணாம்பு இன்னொரு வகை. இரண்டாவதில் 2, 3.5, 5 என்று வலிமை எண் இருக்கும். மண் சாந்துச் சுவருக்கு 2 போதும், வெளிப்புறத்துக்கு 3.5. 5 என்பது இந்தச் சுவருக்கு மிகக் கடினம். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு இரண்டரை முதல் மூன்று பங்கு மணல். மணல் அந்தப் பகுதி ஆற்று மணலாக இருந்தால் சுவரின் நிறம் ஊரோடு பொருந்தும். சுவரை முந்தின நாளே நனைத்து வையுங்கள். வெப்பநிலை 5 டிகிரிக்குக் கீழே போகும் என்றால் பூச வேண்டாம். இந்த மலையில் அக்டோபர் நடுவோடு வெளிப்பூச்சை நிறுத்திவிடுவது நல்லது. வெயில் நேராக அடித்தால் ஈரச் சாக்கைத் தொங்கவிடுங்கள். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், சுண்ணாம்பு கண்ணில் பட்டால் விளையாட்டல்ல.

தொழுவத்துக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. தலைமுறை தலைமுறையாக மாட்டுச் சிறுநீர் ஊறிய சுவரின் அடியில் வெள்ளையாக, பஞ்சுபோல உப்பு பூக்கும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். உலர்ந்த நிலையில் பிரஷ்ஷால் தேய்த்து, விழுவதைக் கூட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள். அடிப்பகுதியில் பழைய சாந்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, மென்மையான சுண்ணாம்புப் பூச்சு ஒன்றைப் பூசுங்கள். அது உப்பை இழுத்துக்கொண்டு ஓரிரு வருடத்தில் உதிரும். உதிர்ந்ததும் எடுத்துவிட்டுத் திரும்பப் பூசுங்கள். நான் மூன்று தடவை செய்தேன். மூன்றாவது பூச்சுதான் நின்றது.

தரைக்கும் இதே நியாயம். பழைய எரு, மண் எல்லாவற்றையும் எடுத்த பிறகு பிளாஸ்டிக் விரித்து கான்கிரீட் போட்டால், அடியில் தேங்கும் ஈரம் சுவரைத்தான் தேடிப்போகும். பெரிய கற்களை அடுக்கி, இடையில் காற்று போகும்படி விட்டு, மேலே சுண்ணாம்புத் தளம் போடுவது பழைய முறை. தோண்டும்போது சுவரின் அடிக்கல்லைவிடக் கீழே போகவே கூடாது. இந்தக் கட்டடங்களுக்கு அஸ்திவாரம் என்று பெரிதாக எதுவும் இருக்காது.

வெப்பம் காக்க, சுவரின் உட்புறத்தில் சணல்தண்டுத் துண்டும் சுண்ணாம்பும் கலந்த பூச்சு, கூரைக்கு மரநார்ப் பலகை. இரண்டும் ஈரத்தை வாங்கி விடுபவை. மின்சாரத்தைப் பொறுத்தவரை, புது இணைப்பு கொடுக்கும் முன் கொன்சுவேல் என்னும் மின்பாதுகாப்புச் சான்று கேட்பார்கள், அதை மனதில் வைத்துக் கம்பி இழுக்கச் சொல்லுங்கள். விறகு அடுப்பு வைத்தால் புகைக்குழாய்க்கும் மரச்சட்டத்துக்கும் இடையே விட வேண்டிய இடைவெளியில் சமரசம் வேண்டாம். புகைக்குழாயைத் துப்புரவு செய்த சான்றைக் காப்பீட்டுக்காரர் கேட்பார். விறகு வெட்டிய பிறகு இரண்டு வருடம் காய வேண்டும், ஆக வீடு முடியும் முன்பே விறகை வாங்கி அடுக்குங்கள். இங்கே விறகை ஸ்தேர் கணக்கில் விற்பார்கள். ஒரு மீட்டர் நீளக் கட்டைகளை ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் உயரம் அடுக்கினால் ஒரு ஸ்தேர்.

ஊரோடு சேர்வது

இது ஆறாவது படி அல்ல, முதல் நாளிலிருந்தே நடப்பது. 1968-க்குப் பின் நகரங்களிலிருந்து நிறையப் பேர் இந்த மலைகளுக்கு வந்தார்கள். சிலர் இங்கேயே வேரூன்றினார்கள், பலர் திரும்பிப் போனார்கள். ஆகவே ஊர்க்காரர்கள் உங்களைப் பார்த்து ஒதுங்கி நிற்கிறார்கள் என்றால் அது வெறுப்பு அல்ல. இரண்டு குளிர்காலத்தைத் தாண்டுவீர்களா என்று பார்க்கிறார்கள்.

எதிரில் வருபவர் யாராக இருந்தாலும் "பொன்ஜூர்" சொல்லுங்கள். கடைக்குள் நுழைந்ததும் பொருளைக் கேட்பதற்கு முன் அதைச் சொல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. பெரியவர்களை "வூ" என்றுதான் அழைக்க வேண்டும், "தூ" என்று ஒருமைக்கு மாறலாம் என்று அவர்கள்தான் முதலில் சொல்ல வேண்டும். நீயும் நீங்களுமாகப் பேசி வளர்ந்த நமக்கு இது கடினமே அல்ல. முதியவர்கள் தங்களுக்குள் கஸ்கோன் மொழியில் பேசுவார்கள். அவர்களிடம் "அதிஷாத்ஸ்" என்று ஒரு வணக்கம் சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். ரொட்டிக்கடையில் "பேன் ஓ ஷொக்கொலா" கேட்காதீர்கள். தென்மேற்கில் அதற்குப் பெயர் ஷொக்கொலாத்தீன்.

மேரி வாரத்தில் சில நேரம்தான் திறந்திருக்கும். போய் ஊர்த்தலைவரான மேரையும் செயலாளரையும் பார்த்து, யார், என்ன செய்யப் போகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். விண்ணப்பம் தபாலில் வந்து விழுவதற்கு முன் உங்கள் முகத்தை அவர்கள் பார்த்திருப்பது நல்லது. காட்டில் விறகு எடுக்கும் குடியிருப்பாளர் உரிமை, அஃபுவாஜ், உங்கள் ஊரில் இருக்கிறதா என்றும் அங்கேயே கேட்கலாம். நவம்பர் 11 அன்று போர் நினைவுக்கல் முன்னால் ஊர் கூடும். அழைப்பு இல்லாமலே போகலாம், போக வேண்டும். அந்தக் கல்லில் உள்ள குடும்பப் பெயர்கள் இன்றும் உங்கள் தபால்பெட்டிக்கு அக்கம்பக்கத்தில் இருக்கும். ஆகஸ்ட் ஊர்த்திருவிழாவில் மேசை போடவும் தட்டு கழுவவும் ஆள் குறைவாகத்தான் இருக்கும், கையைத் தூக்குங்கள். சனிக்கிழமை சேன்-ஜிரோன் சந்தையைத் தவற விடாதீர்கள்.

நண்பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை இயந்திரங்களை நிறுத்திவிடுங்கள். ஞாயிறும் அப்படியே. அதே சமயம் ஊரின் ஓசையைப் பற்றிப் புகார் செய்யாதீர்கள். மாட்டு மணி, சேவல், எரு வாசம் எல்லாம் கிராமத்தின் மரபுச் சொத்து என்று 2021 சனவரியில் சட்டமே இயற்றிவிட்டார்கள். இலையுதிர்காலத்தில் கூட்டு வேட்டை நடக்கும் நாளில் காட்டுப் பாதையில் போனால் பளிச்சென்ற நிறத்தில் உடுத்துங்கள்.

கரடியைப் பற்றி முதல் வருடம் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம். 1996-இலிருந்து ஸ்லொவேனியாவிலிருந்து கொண்டுவந்து பிரனீஸில் விட்ட கரடிகளின் வழிவந்தவற்றில் பெரும்பகுதி இப்போது கூஸரான் மலைகளில்தான் உலவுகின்றன. ஆட்டை இழந்த மேய்ப்பரும், கரடியைக் காக்க நினைப்பவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். இருவரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை, குறிக்கப்பட்ட மலை ஊர்களில் வண்டிக்குக் குளிர்கால டயரோ சங்கிலியோ கட்டாயம்.

கடைசிக் காகிதமும் முதல் விருந்தும்

வேலை முடிந்ததும் பணி நிறைவு அறிவிப்பை மேரியில் கொடுங்கள். வரி அலுவலகத்துக்கு 90 நாளுக்குள் தனியாக அறிவிக்க வேண்டும். இரண்டையும் ஒன்று என்று நினைத்துப் பலர் இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள்.

புதுவீட்டு விருந்துக்கு இங்கே க்ரெமையேர் தொங்கவிடுவது என்று பெயர். அடுப்புக்கு மேலே பானை மாட்டும், பல் வெட்டிய இரும்புப் பட்டைதான் க்ரெமையேர். கூரைக் கொத்தனார், மேர், பாதை கொடுத்தவர், மேல்புல்வெளிக்காரர் எல்லாரையும் மாலை ஆறரைக்கு அழையுங்கள். பாலாடைக்கட்டி, பன்றித் தொத்திறைச்சி, ரொட்டி, ஒரு நல்ல சிவப்பு ஒயின் போதும். நான் கூடவே மிளகு போட்டு உளுந்து வடை சுட்டேன். முதலில் தீர்ந்தது அந்தத் தட்டுதான். அன்று கைத்தடியோடு வந்தவர் வடமேற்கு மூலைக்குப் போய், உள்சுவரில் உள்ளங்கையை வைத்துச் சற்று நேரம் நின்றார். "காய்ந்துவிட்டது" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார்.